பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்கள்

என் மேஜையையும் கணினியையும் உங்கள் இருவரிடமும் ஒப்படைத்தபோது ஒரு பட்டியல் கொடுத்தேன். பதினாறு வரிகள். மழைக்காலத்தில் பிரிண்டர் ஏன் காகிதத்தைக் கடிக்கும், ஜெனரேட்டர் போடும் முன் எந்த ஸ்விட்சை அணைக்க வேண்டும், மானேஜரிடம் எந்தக் கிழமையில் எதையும் கேட்கக்கூடாது, எல்லாம் அதில் இருந்தன. பதினேழாவது வரியை மட்டும் எழுதவில்லை. அது ஒரு வரியில் அடங்காது. தவிர, அதில் தவறு செய்தவள் நான். ஒப்படைப்புப் பட்டியலில் தன் தவறைச் சேர்த்த ஊழியரை நான் இதுவரை பார்த்ததில்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியிருக்கும். அந்தத் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் யாரும் எதையும் தொடங்குவதில்லை. லீவு விண்ணப்பம், இடமாற்றம், புது நியமனம் எல்லாம் பதிமூன்றாம் தேதிக்குக் காத்திருக்கும். தேவிகுளத்துக் குளிர்தான் காரணம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு நான்காம் தேதி. ஹெட் கிளார்க் என் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்துவிட்டு, சேர்ந்த நாள் என்ற கட்டத்தில் பதிமூன்று என்று எழுதினார்.

"சார், இன்னைக்கு நாலுங்க."

"தெரியும்மா. நாலு வேண்டாம்."

"ஏனுங்க?"

"கம்ப்யூட்டருக்கு ஆகாது."

"அப்ப இந்த ஒம்பது நாளுங்க?"

"சும்மா வந்து பழகிக்க. யாரு கேக்கப் போறா?"

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து வந்த அவருடைய பாட்டன்மார் பேய் பற்றிச் சொல்லியிருக்கக்கூடிய தொனியில் சொன்னார். "ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எந்தத் தேதியப் போட்டாலும் சில நேரம் அது வேற மாசத்துல போய் உக்காந்துக்கும். பதிமூணுக்கு மேல போட்டா ஒரு தொந்தரவும் இல்ல. பதினஞ்சு வருசமா பாக்கேன்."

பதினைந்து வருடக் கவனிப்பு நூற்றுக்கு நூறு சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் வேறு. முந்தைய மானேஜர் ஒருவரைப் பிடித்து அவர் ஒரு சுற்றறிக்கை வாங்கியிருந்தார். மாதத்தின் ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான தேதியிட்ட உத்தரவு எதுவும் இந்த அலுவலகத்திலிருந்து போகக்கூடாது, போனால் செல்லாது என்று அதில் இருந்தது. லேமினேஷன் செய்து, தீயணைக்கும் வாளிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். இப்போதைய மானேஜரும் பதவியேற்ற வாரத்தில் மற்ற இருபது காகிதங்களோடு சேர்த்து அதையும் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆறாம் தேதி பாம்பு கடித்த ஒரு காவல்காரர், விபத்துப் பதிவேட்டின்படி பதிமூன்றாம் தேதிதான் கடிபட்டார். அதற்குள் அவர் குணமாகி வேலைக்கே வந்துவிட்டிருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. தொழிலாளர் விவரம் முழுவதும் அந்த ஒரே கணினியில், பழைய டேட்டாபேஸ் ஒன்றில் இருந்தது. அட்டவணையில் நேரடியாகத் தட்டினால் அது நாம் எழுதுகிற வழக்கப்படி தேதியை முதலிலும் மாதத்தை அடுத்தும் எடுத்துக்கொள்ளும். ஆனால் யாரோ ஒருவர் எழுதிவைத்த 'புதிய பதிவு' பொத்தானை அழுத்தினால், உள்ளே ஓடும் குவெரி, அதாவது கட்டளை வரி, அதே எண்களை மாதம் முதலில் என்று படிக்கும். 5.3 என்று எழுதினால் மார்ச் ஐந்து மே மூன்றாகிவிடும். 25.3 என்று எழுதினால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது அல்லவா? அப்போது அது சத்தமில்லாமல் புரட்டிப் போட்டுச் சரியாக எடுத்துக்கொள்ளும். புரியாதபோது கேட்காது. தானே ஊகித்து, முடித்துவிட்டதாகத் தலையாட்டும். அந்த அலுவலகத்தோடு அது அவ்வளவு நன்றாக ஒத்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இங்கே என் தவறு தொடங்குகிறது. கவனமாகப் படியுங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் பத்துப் பேரின் பதிவுகளை எடுத்து அவர்களுடைய சர்வீஸ் கார்டுகளோடு ஒப்பிட்டேன். பத்தும் புரண்டிருந்தன. ஆகவே பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்த எல்லாருமே புரண்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு வரி எழுதி, அத்தனை பேரின் தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றினேன். இரண்டு விநாடியில் முடிந்தது. நான் பார்த்த பத்துப் பேரும் ஒரே கார்டுக் கட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், பொத்தான் வழியாக உள்ளே போனவர்கள் என்பதை யோசிக்கவில்லை. நேரடியாகத் தட்டப்பட்டவர்கள் அதுவரை சரியாகவே இருந்தார்கள். அவர்களை நான்தான் கவிழ்த்தேன்.

பழைய பிரதி இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. சுத்தமானது கையில் இருக்கும்போது அழுக்கு எதற்கு என்று அன்று சாயங்காலமே அழித்துவிட்டேன்.

பொத்தானின் குவெரியையும் சரிசெய்த பெருமையில், இனிப் பன்னிரண்டு நாட்களுக்கும் விடுதலை என்று அறிவித்தேன். அந்தக் காலாண்டில் ஓய்வு பெறுபவர்களின் கடிதங்களை அச்சடித்து, வேண்டுமென்றே எட்டாம் தேதி போட்டு மானேஜரின் கையெழுத்துக்கு வைத்தேன். ஹெட் கிளார்க் அந்தக் காகிதங்களைத் தொடவே இல்லை. "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் புதன்கிழமை, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கோடு ஓர் அம்மா நேராக என் மேஜைக்கு வந்து கடிதத்தை வைத்தார். பெயர் செல்லத்தாய். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கொழுந்தெடுப்பவர்.

"ஏ கம்ப்யூட்டர் புள்ள, எனக்கு என்ன பிப்ரவரியில பொறந்தநாளு?"

எங்கள் எஸ்டேட்டில் ஐம்பத்தெட்டு முடியும் மாதத்தின் கடைசி நாளோடு வேலை முடியும். அன்றே எஸ்டேட் தந்த லயத்து வரிசை வீட்டையும் காலி செய்ய வேண்டும். கடிதத்தில் பிப்ரவரி என்று இருந்தது. அவருடைய கடைசி மகள், நாற்பதை ஒட்டிப் பிறந்தவள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை மார்ச் மாதம். வீடு போனால் சங்கரன்கோயில் பக்கம் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து வந்து இங்கே பரீட்சை எழுத முடியாது.

"அக்கா, கார்டு பாத்துச் சொல்றேனுங்க. நாளைக்கு வாங்க" என்றேன். அது எல்லா அலுவலகத்திலும் சேர்ந்த உடனே கற்றுக்கொள்கிற வாக்கியம்.

"நாளைக்கு என்ன நாளைக்கு? நேத்தே அடுத்த ஆளு வந்து எங்க வீட்டுல டிவி எங்க வைக்கலாம்னு பாத்துட்டுப் போறான். நான் ஐப்பசி அடைமழையில பொறந்தவ. எங்கம்மையக் கம்பளியில கட்டி ஆத்தத் தாண்டித் தூக்கிட்டு வந்தாகளாம். வந்த பாலத்த மறுநா ஆறு கொண்டு போச்சாம். பிப்ரவரியில அந்த ஆத்துல எரும நனையத் தண்ணி இருக்கா? நீயே போய்ப் பாரு."

அவர் போனதும் கார்டை எடுத்தேன். 2.11 என்று இருந்தது. திரையில் பிப்ரவரி பதினொன்று. அந்தப் பதிவு பொத்தான் வழியாகப் போனதில்லை. இரண்டு வாரம் முன்புவரை அது நவம்பர் இரண்டாகவே இருந்திருக்கிறது.

எனக்குக் கலக்கம் வந்தால் பட்டியல் போடுவேன். அன்றும் ஒரு காகிதத்தில் மூன்று வழிகள் எழுதினேன். ஒன்று, இந்த ஒரு பதிவை மட்டும் சத்தமில்லாமல் திருத்துவது. இரண்டு, பழைய கோளாறு என்று சொல்வது. ஊரே நம்பும், பதினைந்து வருட சாட்சி உண்டு. மூன்று, போய்ச் சொல்வது. முதல் வழியில் செல்லத்தாய் ஒருவேளை தப்பிப்பார். நான் கவிழ்த்த மற்றவர்கள் தங்கள் கடிதம் வரும்வரை கவிழ்ந்தே கிடப்பார்கள். இரண்டாவதிலும் அதே கதிதான், கூடவே நான் நல்லவளாகவும் தெரிவேன். மூன்றாவதை இரண்டு முறை அடித்தேன். பிறகு வேறு காகிதத்தில் புதிதாக எழுதிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனேன்.

விவரம் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, கேட்டோ. மனுஷன்தான் பண்ணும்."

"ஆமாங்க சார். இந்தத் தடவை அந்த மனுஷன் நான்தானுங்க."

அவர் முகம் குழம்பியது. தப்பு செய்த ஆளைத் தேடி விசாரணை வைப்பது அவருக்குப் பழக்கம். ஆள் தானே வந்து நின்றால் எந்தப் படிவத்தில் எழுதுவது? கடைசியில் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு, பதினொண்ணு. இதில ரெண்டு மாசமா தேதியா? எழுதின ஆள் இப்போ இல்லை. வேற ஏதாவது ரெக்கார்டு கொண்டு வா. வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போகும். அப்புறம் என் கையில் இல்லை."

செல்லத்தாயிடம் அடையாள அட்டை இருந்தது. அதில் பிறந்த நாள் 1.1 என்று இருந்தது. எந்தப் பக்கம் புரட்டினாலும் மாறாத தேதி. அவருக்குப் பொருந்தாது என்பதுதான் ஒரே குறை. பள்ளிச் சான்றிதழ் இல்லை. பள்ளிக்கூடம் போனதே மூன்று மாதம்தான் என்றார்.

மறுநாள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். பிரசவ வார்டு மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இருந்த ஒரே நர்ஸ் அக்கா பழைய பிறப்புப் பதிவேடுகளை எடுத்துக் காட்டினார். எங்களுக்கு வேண்டிய வருடம் மட்டும் இல்லை.

"அது தொலையல மோளே. எங்க இருக்குன்னு தெரியும். எடுக்கத்தான் முடியாது" என்று மருந்து பீரோவின் அடியைக் காட்டினார். தரை இறங்கிய மூலையில் பீரோவின் கால் அந்தப் பதிவேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

எஸ்டேட் ஜீப்பிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து பீரோவைத் தூக்கினோம். அடியில் பஞ்சாயத்துத் தொலைபேசிப் புத்தகம் ஒன்றை வைத்து, பதிவேட்டை உருவினேன். அட்டையில் கால் தடம் பள்ளமாக இருந்தது. உள்ளே தாள்கள் நன்றாகவே இருந்தன. செல்லத்தாயின் அம்மா பெயரையும் லய எண்ணையும் வைத்துத் தேடினால் பெண் குழந்தை என்று பதிவு இருந்தது. பக்கத்தில் தேதி 2.11.

நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "இதுவும் அதே கேஸ்தானே? மாசத்த எழுத்துல போடலையே."

நான் அங்கேயே மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் கண் தானாக ஒரு வரி மேலே போனது. அங்கே 29.10. ஒரு வரி கீழே 6.11. அதற்கும் கீழே 14.11. இருபத்தொன்பதாவது மாதம் யாருக்கும் கிடையாது. பதிவேட்டை எழுதிய கம்பவுண்டர் தேதியை முதலில் எழுதுகிறவர். தைத்த புத்தகத்தில் பிப்ரவரிக் குழந்தை ஒன்று அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவில் வந்து உட்கார முடியாது. கணினியில் ஒவ்வொரு பதிவும் தனியாள். இங்கே அக்கம்பக்கம் சாட்சி சொன்னது.

குறிப்பு என்ற கட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பாலம் ஆற்றோடு போய்விட்டதால் தாயையும் சேயையும் மூன்று நாள் வார்டிலேயே வைத்திருந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டை மானேஜர் மேஜையில் விரித்தேன். ஹெட் கிளார்க்கும் வந்து ஓரமாக நின்றார். மானேஜர் நான்கு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நல்ல மனிதர்தான், நம்பிவிட்டார்.

"சத்தியம்தான். ஆனா லெட்டர் போயாச்சே. வாபஸ் வாங்கினா ஹெட் ஆபீஸ் காரணம் கேக்கும். வீடும் அலாட் பண்ணியாச்சு. நான் கையொப்பு போட்ட உத்தரவை நானே எப்படித் திருப்பி வாங்க?"

உண்மை மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு கைப்பிடி இல்லை. குவெரி எப்படிப் படிக்கிறது என்று விளக்கலாமா என்று வாயெடுத்தேன். அப்போது ஹெட் கிளார்க் தொண்டையைச் செருமினார்.

"சார், லெட்டர் போகல."

"போச்சே! அந்தம்மா கையில இருக்கே?"

"இருக்கு சார். ஆனா செல்லாது. தேதி எட்டு."

அவர் வெளியே போய், தீயணைக்கும் வாளிக்கு மேலிருந்த சட்டத்தைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். மானேஜர் அதை முதல்முறையாகப் படித்தார். அடியில் இருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நான் போட்டதா?"

"ஆமா சார். நீங்க வந்த வாரம்."

அந்த முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாபஸ் வாங்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், தன் உத்தரவைத் தானே மறுக்க வேண்டாம். பிறக்காத கடிதத்துக்கு யார் இறப்புச் சான்றிதழ் கேட்கப் போகிறார்கள்? எட்டாம் தேதியிட்ட எல்லாக் கடிதங்களும் அந்த நிமிடமே ரத்தாயின. கோப்பில் "தேதிக் குறைபாடு காரணமாக" என்று எழுதினார். அந்த அலுவலகத்தில் நான் பார்த்த மிக உண்மையான வாக்கியம் அது. எழுதியவருக்கு அது தெரியாது.

அறையை விட்டு வெளியே வந்ததும் ஹெட் கிளார்க் சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா பாலக்காடு? பன்னெண்டுக்குள்ள எதையும் தொடாதன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார்" என்றேன். கோளாறு எது, காரணம் எது என்று இருபது நிமிடம் படம் போட்டு விளக்க எனக்குத் தெரியும். விளக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் எடுத்த மிகச் சிறந்த தொழில்நுட்ப முடிவு அதுதான்.

சனிக்கிழமையிலிருந்து மூன்று வாரம் நானும் அவரும் ஒவ்வொரு கார்டாக எடுத்தோம். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் டிஸ்பென்சரிப் பதிவேடு. அவர் உரக்கப் படிப்பார், நான் மாதத்தை எழுத்தில் தட்டுவேன். "அஞ்சு, மார்ச்." "மார்ச் அஞ்சுங்க." ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வாய் திறந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இப்போது நீங்கள் திறக்கிற திரையில் மாதம் பெயராகத் தெரிவது அதனால்தான். அழகுக்காக அல்ல, தயவுசெய்து அதை எண்ணாக மாற்றாதீர்கள். குவெரிக்குள் தேதி எழுதினால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும் எழுதுங்கள். அதைத் தவறாகப் படிக்க அந்த மென்பொருளுக்குக்கூடத் திறமை போதாது. மாதிரி பார்ப்பதென்றால் ஒரே கட்டிலிருந்து பத்து எடுக்காமல் பத்துக் கட்டிலிருந்து ஒவ்வொன்று எடுங்கள். பழைய பிரதியை அழிக்கக் கை அரித்தால் எழுந்துபோய் ஒரு சாயா குடியுங்கள். ஒரு வரி எழுதி எல்லாரையும் ஒரே நேரத்தில் சரிசெய்யும் யோசனை வந்தால், சாயா போதாது, வீட்டுக்கே போய்விடுங்கள்.

சுற்றறிக்கையை நான் கழற்றச் சொல்லவில்லை. கணினி சரியாகி விட்டது. அலுவலகம் சரியாக வேண்டிய அவசியம் இல்லை. இன்னொரு நாள் யாருக்காவது அது உதவும்.

செல்லத்தாயின் மகள் மார்ச்சில் பரீட்சை எழுதித் தேறினாள். தேனியில் கல்லூரி கிடைத்தது. டிவி வைக்க இடம் பார்த்தவருக்கு வேறு லயத்தில் வீடு கொடுத்தார்கள். அங்கே ஆணி அடிக்கச் சுவர் இன்னும் நன்றாக இருந்ததாம்.

நவம்பர் முப்பதாம் தேதி செல்லத்தாய்க்கு வழியனுப்பு விழா. ஒரு சால்வை, ஒரு குடை. எனக்குப் பாலக்காட்டில் வேறு வேலை கிடைத்திருந்ததால் எனக்கும் அன்றே கடைசி நாள். ஹெட் கிளார்க்குக்கு ஏக மகிழ்ச்சி. "முப்பது! அருமையான தேதிம்மா. எங்க போனாலும் நல்லா இருப்ப." என் சான்றிதழில் சேர்ந்த நாள் இன்னமும் பதிமூன்றுதான். திருத்தக் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் பழகத்தான் வந்தேன் என்பது உண்மையும்கூட.

எஸ்டேட் ஜீப்பில் இருவரையும் ஒன்றாக ஏற்றினார்கள். செல்லத்தாய் என் பெட்டியைப் பார்த்தார்.

"நீ எதுக்குப் புள்ள சாமானக் கட்டிக்கிட்டு ஏறுத?"

"எனக்கும் இன்னைக்குத்தான் கடைசி நாளுங்கக்கா."

மேலும் கீழும் பார்த்தார். "அடி பாவி மகளே, உன் தேதியையும் நீயே மாத்திப்புட்டியா?"

ஜீப்பே சிரித்தது. மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்துக்கு வந்ததும் அவர் டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். தார்ப்பாயை விலக்கி, புதுக் குடையின் முனையால் கீழே காட்டினார். ஆறு செம்மண் நிறத்தில், பாலத்தின் அடியை இடித்துக்கொண்டு போனது.

"இதான் என் மாசம்" என்றார். "இப்ப எழுதிக்க."